இருபத்தொன்றாம் நம்பர் சீட்டு

ராயன்விடுதி ஒரு நாள் காலையில் கண்விழித்துப் பார்த்தபோது நகரமாகியிருந்தது. முதல் நாள் படுக்கும்போது பஞ்சாயத்தாகத்தான் படுத்தது. இடையில் சர்க்கார் உத்தரவு வந்து பெயர்ப்பலகை மாறியதோடு சரி. அதே கண்மாய், அதே கருவேல மரங்கள், அதே சனிக்கிழமைச் சந்தை.

நகரம் என்று ஆகிவிட்டால் நகரத்துக்குரிய லட்சணம் ஒன்றாவது வேண்டாமா? குழாய்த் தண்ணீர் கொடுக்கலாம், செலவாகும். தெருவுக்குத் தெரு விளக்குப் போடலாம், அதற்கும் செலவாகும். வண்டியை நிறுத்தினால் கட்டணம் என்று சொல்வதற்கு ஒரு பலகையும் ஒரு டப்பா சுண்ணாம்பும் போதும். ஆகவே 1959-ஆம் வருஷம் தை பிறந்ததும் ராயன்விடுதிக்கு வழி பிறந்ததோ இல்லையோ, வண்டி நிறுத்தம் பிறந்தது. சந்தைக்குப் பக்கத்தில் கம்பிவேலி போட்ட ஒரு பொட்டல். மாட்டு வண்டியோ, சைக்கிளோ, பிளஷர் காரோ, எல்லாம் அங்கேதான் நிற்க வேண்டும். கடைத்தெருவில் நிறுத்தினால் நகரசபைச் சேவகர் இழுத்துப்போய்ப் பவுண்டில் அடைத்துவிடுவார். பவுண்டு என்றால் வேறொன்றுமில்லை, தெருவில் திரியும் மாடுகளை அடைக்கும் அதே பட்டிதான். சைக்கிளை மீட்கப் போனவர்கள் ஸீட்டைச் சாணியிலிருந்து மீட்கவும் தயாராகப் போவது வழக்கம்.

இந்த அறிவிப்புகள் அத்தனையும் செவந்தி தட்டச்சு செய்தவை. அதனால் அவளுக்கு அவற்றின் மேல் கொஞ்சம்கூட மரியாதை கிடையாது.

செவந்தி கறம்பக்குடிப் பெண். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ்; வாயில் ஹையர் பாஸ். அவள் வேலை பார்த்த பயிலகத்தின் பலகையில் 'தட்டச்சு கற்றுத் தரப்படும்' என்று பெரிய எழுத்திலும், 'இரகசிய விசாரணைகளும் செய்யப்படும்' என்று எறும்பு எழுத்திலும் இருக்கும். இரண்டுக்கும் முதலாளி ஆத்மநாதன். ஊரில் அவரை டைப்பு வாத்தியார் என்பார்கள். துப்பறிகிறவர் என்று யாரும் சொல்வதில்லை. காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படிக் காரியம் ஆக வேண்டி வந்தவள் அழகி. வாடகைக் கார் ஓட்டும் ராசுவின் மனைவி. ஒரு மணி நேரத்தில் வாத்தியாரும் செவந்தியும் அவளோடு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வேன் வருது வாத்தியாரே. ராசுவைப் புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறோம். லைசென்சும் போகும், ஆளும் ஆறு மாசத்துக்குக் கொறையாம உள்ள போவான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் முத்துராமன். பஸ் புறப்படும் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்மாய் வளைவில் ஒரு கறுப்புப் பிளஷர், மலையாண்டி என்பவரின் மாட்டு வண்டியில் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஒரு மாடு அங்கேயே செத்தது. மலையாண்டி தொடை எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அவர் பார்த்தது கறுப்பு நிறத்தை மட்டும். ஊரில் கறுப்புப் பிளஷர் இரண்டே இரண்டு. ஒன்று ராசு ஓட்டுவது. மற்றது நகரசபை மெம்பர் சோலையப்பனுடையது. பிழைத்த இன்னொரு மாடு திகைத்துப்போய் ரோட்டிலேயே நின்றது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நகரசபை அதைப் பிடித்துப் பவுண்டில் அடைத்தது. அந்த விபத்தில் உடனடியாகத் தண்டனை பெற்றது அந்த மாடு ஒன்றுதான்.

"அவரு அன்னிக்கு வண்டியே ஓட்டலைங்க," என்றாள் அழகி. "பேன் பெல்ட்டு அந்துபோச்சு. ஆறு மணிக்குக் கதவு தெறக்கையிலேயே ஸ்டாண்டுல தள்ளி நிறுத்திட்டு, பின் ஸீட்டுலயே படுத்துத் தூங்கியிருக்காரு. மத்தியானம்தான் எந்திரிச்சாரு."

"தூங்குனதுக்குச் சாட்சி?"

"தூங்கும்போது சாட்சி வெச்சுக்கிட்டா தூங்குவாங்க?" என்றாள் செவந்தி.

முத்துராமன் அவளைப் பாராதவர் போல மேஜை டிராயரைத் திறந்து இரண்டு சீட்டுகளை எடுத்து வைத்தார். வண்டி நிறுத்தத்தின் சீட்டுகள். சிக்கனம் கருதி ஒரு தாளை எட்டாகக் கிழித்து, மேலே 'நகரசபை வண்டி நிறுத்தம்' என்று ஊதா முத்திரை குத்தியிருப்பார்கள். முத்திரை முழுதாக விழுந்த சீட்டை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அடியில் தேதி. நடுவில் காவல்காரர் கண்ணுசாமி கையால் எழுதிய எண். தினமும் காலையில் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். சமஸ்தானத்துக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்குத் தெரிந்தது தமிழ் எண் மட்டும்.

"இது ராசுகிட்ட இருந்தது," என்று முத்துராமன் ஒன்றை நகர்த்தினார். அதில் '௨௧' என்று இருந்தது. "இது மெம்பர் கொடுத்தது." அதில் '௧' என்று மட்டும் இருந்தது.

"எனக்குத் தமிழ் எண் தெரியாதுன்னு நெனச்சுட்டாங்க போல. நான் காலண்டரைப் பாத்தே கத்துக்கிட்டவன். இது ரெண்டு, இது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தா இருபத்தொண்ணு. சந்தை நாள்ல இருபத்தோராவது வண்டி உள்ள வரணும்னா மணி எட்டரை ஆகும். எட்டு மணிக்கு மோதிட்டு எட்டரைக்கு வந்து நிறுத்தியிருக்கான். மெம்பர் வண்டி முதல் வண்டி. ஆறு மணிக்கே உள்ள போயிடுச்சு. அப்புறம் நகரவே இல்லைன்னு அவரே சொன்னாரு."

"மெம்பர் காருல முன் மட்கார்டு ஒண்ணுக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கே?" என்றார் ஆத்மநாதன்.

"கேட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு அடிச்சதாம்."

"மாட்டுக்கே ரெண்டு கொம்புக்கும் அடிப்பாங்க சார்," என்றாள் செவந்தி.

"கண்ணுசாமியை விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன். ரெண்டும் உன் கையெழுத்தான்னு கேட்டேன். ஆமான்னான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு சொல்லி அனுப்பிட்டேன். எந்த வண்டி எப்ப வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. அவன் கூண்டுல இருந்து பாத்தா ஆள் தெரியாது, சக்கரம்தான் தெரியும்."

அது உண்மைதான். நகரசபை கட்டிய டிக்கட் கூண்டில் ஜன்னலை இடுப்புக்குக் கீழே வைத்துவிட்டார்கள். இடித்துக் கட்டினால் மறுபடி டெண்டர் விட வேண்டும் என்பதால் கண்ணுசாமி ஆறு வாரமாக ஊரின் சக்கரங்களையும் கைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அழகி கேட்டாள்: "என்னங்க, ஏதாச்சும் வழி இருக்கா?"

"காலையில சொல்றேன்மா. செவந்தி, நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு ஸ்டாண்டு வாசலுக்கு வந்துரு."

"எதுக்கு சார்?"

"என் சைக்கிளை நிறுத்தணும்."

"அதுக்கு ரெண்டு ஆள் எதுக்கு? ஸ்டாண்டு கூட இல்லாத சைக்கிளா சார் அது?" என்றாள் செவந்தி. ஆனால் மறுநாள் அஞ்சரைக்கே வந்துவிட்டாள்.

*

திங்கட்கிழமை. பனி இன்னும் கம்பிவேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஆத்மநாதனையும் செவந்தியையும் சைக்கிளையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. சரியாக ஆறு மணிக்குக் கதவு திறந்தது. சைக்கிள் உள்ளே போயிற்று. கூண்டின் ஓட்டை வழியே ஒரு கை வெளியே வந்து ஒரு சீட்டைக் கொடுத்தது.

செவந்தி அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

'௨௧'.

"சார், நாமதான் முதல்ல வந்தோம். இருபத்தொண்ணு போட்டிருக்காரு. மிச்சம் இருபது வண்டி என்ன, பேய் ஓட்டிட்டு வந்துச்சா?"

ஆத்மநாதன் சீட்டை வாங்கிக்கொண்டார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கூண்டின் முன்னால் குந்தினார். அப்போதுதான் உள்ளே இருந்தவர் முகம் தெரியும். முகம் தெரிந்தது, பல்லில்லாமல், திருநீறு பூசி, கொஞ்சம் பயந்து.

"பெரியவரே, இது என்ன நம்பரு?"

"ஒண்ணுங்க."

"அப்ப முன்னால இருக்கிற ரெண்டு?"

கண்ணுசாமி சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். படித்தவர்களிடம் இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அது ரெண்டு இல்லீங்க. பிள்ளையாரு."

செவந்தி சட்டென்று பக்கத்தில் குந்தினாள்.

"நாள்ல முதச் சீட்டு எழுதுறேன். பிள்ளையார் சுழி போடாம எழுதலாங்களா? வெளங்குமா? மேல போடலாம்னா முத்திரையைக் குத்தி எடத்தை அடச்சுப்புட்டாங்க. அதான் பக்கத்துலயே உக்காத்தி வெச்சுட்டேன்."

"இதை ஏன் சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலை?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாருங்க. பிள்ளையாரைப் பத்தி அவரு கேக்கலையே."

செவந்திக்குச் சிரிப்பு வந்தது. அழகியின் முகம் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது. "சார், சுழியும் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. இதைச் சொன்னா அவரு நம்புவாரா? இது நெசமாவே இருபத்தொண்ணுதான், கிழவன் மாத்திச் சொல்றான்னு சொல்லிருவாரு."

"சொல்லத்தான் செய்வாரு," என்றார் ஆத்மநாதன். கண்ணுசாமியின் காதோரம் குனிந்து ஏதோ ஒன்று கேட்டார். கண்ணுசாமி சுண்டுவிரலால் மண்ணில் ஏதோ எழுதிக் காட்டினார். செவந்தி எட்டிப் பார்ப்பதற்குள் வாத்தியார் செருப்புக் காலால் அழித்துவிட்டார்.

"அது என்ன சார்?"

"ஒம்பதரைக்குச் சொல்றேன். பெரியவரே, ஒம்பது மணிக்குக் கூண்டைப் பூட்டிட்டு நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும்."

"நான் வந்துட்டா இங்கிட்டு வர்ற வண்டிக்கெல்லாம் சீட்டு யாருங்க கொடுக்கிறது?"

"யாரும் கொடுக்க வேணாம்."

அப்படியே ஆயிற்று. அன்று காலை ஒன்றரை மணி நேரம் ராயன்விடுதி மறுபடியும் கிராமமாக இருந்தது.

*

ஸ்டேஷன் வாசலில் வேன் வந்து நின்றிருந்தது. வேப்பமரத்தடியில் அழகி. ராசுவை வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று நாள் தாடி; விலங்கை மறைக்கத் துண்டு. எதிரே நாற்காலியில் மெம்பர் சோலையப்பன், சலவைச் சட்டையில், சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக வந்திருந்தார். அவருடைய கறுப்புப் பிளஷர் வாசலில், 'இங்கு வண்டிகளை நிறுத்தக்கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே நின்றது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்பதால் அது தமக்குப் பொருந்தாது என்று அவர் நினைத்திருக்கலாம்.

"திட்டத்தைக் கொண்டுவந்தவனே முதல் ஆளா நின்னு காட்டணும்ல வாத்தியாரே," என்றார் சோலையப்பன். "அதான் சந்தை அன்னிக்கு முதச் சீட்டு நான் வாங்குனேன். ஊரே சொல்லும்."

"ஊருக்கு நீங்கதான் சொன்னீங்க," என்றாள் செவந்தி.

ஆத்மநாதன் அன்று காலை வாங்கிய சீட்டை மேஜை மேல் வைத்துப் பிள்ளையார் கதையைச் சொன்னார். முத்துராமன் கேட்டார், சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எண்ணுக்குப் பக்கத்துல யாராவது சுழி போடுவாங்களா?"

"ஐயாவோட நோட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் பாக்கலாமா?"

முத்துராமன் சட்டைப்பையிலிருந்து கேஸ் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கம். மேலே இடமில்லாமல் ஓரத்தில், அழகான கையெழுத்தில், 'உ'. பக்கத்திலேயே, '1. மலையாண்டி வண்டி மோதல்.'

"உங்க புத்தகம் இருபத்தொண்ணுலதான் ஆரம்பிக்குதுங்களா?" என்றாள் செவந்தி.

முத்துராமன் புத்தகத்தை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "சரி. இருக்கலாம். ஆனா இல்லாமயும் இருக்கலாம். அந்த ஆள் நெசமாவே இருபத்தொண்ணு எழுதினாலும் இப்படித்தானே இருக்கும்?"

"அதை அவரையே எழுதச் சொல்லுங்க," என்றார் ஆத்மநாதன்.

கண்ணுசாமி பேனாவை வாங்கினார். மேஜையோரம் குனிந்தார். தாளில் அவர் எழுதியது: '௨௰௧'.

"நடுவுல என்னய்யா இது, 'ய' மாதிரி?"

"பத்துங்க. ரெண்டு, பத்து, ஒண்ணு. இரு-பத்து-ஒண்ணு. நடுவுல பத்து இல்லாம இருபது எப்படிங்க வரும்?" கண்ணுசாமிக்குத் தைரியம் வந்துவிட்டது. "சமஸ்தானத்துப் பள்ளிக்கூடத்துல இதை விட்டுட்டு எழுதுனா முட்டிய பேத்துருவாரு வாத்தியாரு. காலண்டருல பத்தை விட்டுட்டாங்கன்னா அது காலண்டர்க்காரன் தப்புங்க."

செவந்திக்குக் காலையில் மண்ணில் அழிந்த எழுத்து என்னவென்று புரிந்தது. ராசுவின் சீட்டில் பத்து இல்லை. ஆகவே அது இருபத்தொன்று ஆகவே முடியாது. பிள்ளையாரும் ஒன்றும்தான். ஆறு மணிக்கு உள்ளே போன முதல் வண்டி ராசுவுடையது.

"அப்ப ஒரே நாள்ல ரெண்டு ஒண்ணாம் நம்பரா?" என்றார் முத்துராமன். அவர் பார்வை முதல் தடவையாக மெம்பர் பக்கம் திரும்பியது.

சோலையப்பன் சிரித்தார். "கிழவனுக்கு வயசாச்சு. எனக்கு முதல்ல கொடுத்துட்டு மறந்துபோய் இவனுக்கும் ஒண்ணு கொடுத்திருப்பான். சுழி போடவும் மறந்திருப்பான்."

"நான் எம் பேரை மறப்பேங்க," என்றார் கண்ணுசாமி. "அவரை மறக்க மாட்டேன்."

ஆத்மநாதன் மூன்று சீட்டுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினார். ராசுவினுடையது, இன்று காலை வாங்கியது, மெம்பருடையது. முதல் இரண்டும் ஒரே அகலம். மூன்றாவது இடது பக்கம் இரண்டு விரற்கடை குறைவு. மற்ற இரண்டிலும் ஓரம் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது. இதில் மட்டும் கத்திரிக்கோல் பட்ட நேர்க்கோடு.

"முத்திரையைப் படிங்க," என்றார்.

முத்துராமன் படித்தார். "சபை வண்டி நிறுத்தம்."

"நம்ம முத்திரை என்னிக்குமே முழுசா விழாது. அதனால யாரும் கவனிக்கலை. விழாத எழுத்து வேற, வெட்டுன எழுத்து வேற. வண்டி நகரவே இல்லைன்னு மெம்பர் சொன்னார். சீட்டுல பாத்தா 'நகர' மட்டும் காணோம். அதோட சேர்த்து, 'ஒண்ணு'க்கு முன்னால இருந்த எண்ணும் போயிருக்கு."

"எந்த எண்ணு?"

ஆத்மநாதன் உதட்டைப் பிதுக்கினார். "முப்பத்தொண்ணா இருக்கணும். பெரியவரே, சனிக்கிழமை முப்பதாம் நம்பர் யாருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"ஆளைத் தெரியாதுங்க. ஆனா மூக்கு இருக்கே. கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு லாரி."

"ஆக, கருவாட்டு லாரிக்குப் பின்னால வரிசையில நின்னு, முப்பத்தொண்ணாவதா உள்ள போயிருக்கார் நம்ம மெம்பர். திட்டத்தைக் கொண்டுவந்தவர், பாவம்."

சோலையப்பனின் முகம் கறுத்தது. கொலைகாரன் என்றாலும் பொறுத்திருப்பார் போலிருந்தது.

"யாருய்யா கருவாட்டு லாரிக்குப் பின்னால நின்னது? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. அது வர்றதுக்கு அரை மணி முந்தியே நான் நிறுத்திட்டு எறங்கிட்டேன். என் நம்பரு இருபத்தொண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதுக்கே அது கேட்டது.

சுவர்க் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது. வெளியே வேனின் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார்.

"ஐயா கணக்குச் சரியாத்தான் இருந்துச்சு," என்றார் ஆத்மநாதன் முத்துராமனிடம், ஆறுதலாக. "இருபத்தோராவது வண்டி, எட்டரை மணி. ஆள்தான் மாறிப்போச்சு."

முத்துராமன் எழுந்து போய் ராசுவின் விலங்கைத் தம் கையாலேயே கழற்றினார். பிறகு அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. வேன் வெறுமனே திரும்ப வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

ராசு வேப்பமரத்தடிக்குப் போனான். அழகி அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் அவன் தோளிலேயே போட்டாள்.

"கையெல்லாம் தடிச்சுக் கெடக்கு," என்றாள் அப்புறம்.

"போயிரும்," என்றான் ராசு.

வேன் சோலையப்பனை ஏற்றிக்கொண்டு போனதும் கறுப்புப் பிளஷர் மட்டும் பலகையின் கீழே அநாதையாக நின்றது. சாவி அவர் சட்டைப்பையில் புதுக்கோட்டை போய்க்கொண்டிருந்தது. நகரசபைச் சேவகர் வந்து பார்த்தார். பலகையைப் படித்தார். காரைப் பார்த்தார். சட்டம் சட்டம்தான்.

"பவுண்டுக்குக் கொண்டுபோகணும். தள்ள முடியாது. எதை வெச்சு இழுக்கிறது?"

"பவுண்டுலதான் மாடு இருக்கே," என்றாள் செவந்தி.

கால் மணியில் இரண்டு மாடுகள் வந்தன. ஒன்று யாருடையதோ, மற்றது மலையாண்டியுடையது. சனிக்கிழமை காலைக்குப் பிறகு அதன் கழுத்தில் நுகத்தடி ஏறுவது இதுதான் முதல் தடவை. அது காரை ஒரு முறை முகர்ந்து பார்த்தது. புது பெயிண்ட் அடித்த மட்கார்டின் மேல் ஒரு தும்மல் போட்டது. பிறகு இழுக்க ஆரம்பித்தது. கடைத்தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

"இழுத்த கூலிக்கு அந்த மாட்டை அபராதம் இல்லாம விட்டுரணும்," என்றார் ஆத்மநாதன். "மலையாண்டி வீட்டுல ஒப்படைச்சுட்டு வந்து என்கிட்ட சொல்லணும்." சேவகர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். முத்துராமன் தலையை ஆட்டினார்.

பட்டி வாசலில் கண்ணுசாமி காத்திருந்தார். கையில் ஒரு சீட்டு, பேனா.

"இங்க எதுக்குங்க சீட்டு?" என்றாள் செவந்தி.

"பவுண்டுக்குள்ள வர்ற மொதக் காரும்மா இது. சும்மா விடலாமா?"

பானட்டின் மேல் தாளை வைத்து நிதானமாக எழுதி, முன் கண்ணாடியில் எச்சில் தொட்டு ஒட்டினார். செவந்தி குனிந்து படித்தாள்.

'உ ௧'.

"பாவம் சார்," என்றாள். "முதச் சீட்டு எனக்குத்தான், எனக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. கடைசியில பிள்ளையாரோடயே கெடச்சிருச்சு."